ஒரு கணிப்பொறி, நான்கு மாணவர்கள்

வேகமாகத் தட்டச்சுச் செய்பவர் விநாடிக்கு 5 எழுத்துகள் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். நமக்கு இது கண் இமைக்கும் பொழுது. கணிப்பொறிக்கோ ஒரு யுகம்! விநாடிக்கு 200 கோடி முறை துடிக்கும் சாதாரணக் கணிப்பொறி, அதற்குள் 40 கோடித் துடிப்புகளைக் கடந்துவிடும். எழுத்தைத் திரையில் காட்ட அதில் மிகச் சிறு பகுதியே போதும். மீதி நேரமெல்லாம் அடுத்த விரல் எப்போது விழும் என்று சும்மா காத்திருக்கிறது.

அந்த நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால் என்ன?

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர்கள் 1964 மே 1 அதிகாலையில் இதைச் செய்து காட்டினார்கள். இரண்டு முனையங்களில் இருவர் வேலை கொடுக்க, கணிப்பொறி ஒருவரைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு அடுத்தவரிடம் தாவியது. முறை விரைவாகச் சுற்றி வந்ததால், இருவருக்குமே கணிப்பொறி தமக்கென்றே இயங்குவதாகத் தோன்றும்! பேசிக் மொழி முதன்முதலில் இயங்கியதும் அன்றுதான்.

பின்னாளில் ஆளுக்கொரு கணிப்பொறி வந்தது. யோசனை பின்னுக்குப் போனது. ஆனால் ஆளுக்கொன்று வாங்கப் பணம் இல்லாத பள்ளி என்ன செய்யும்? ஒருவர் விசையைத் தட்ட, நான்கு பேர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா?

பிரேசில் நாட்டின் பரானா மாநில அரசுப் பள்ளிகள், 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில், 'பரானா டிஜிட்டல்' திட்டத்தில் ஒரு வழி கண்டன. ஒரே கணிப்பொறிப் பெட்டியில் நான்கு திரைகள், நான்கு விசைப்பலகைகள், நான்கு மௌஸ்கள்! எந்த விசைப்பலகை எந்தத் திரைக்கு உரியது என்பதை விலையில்லா லினக்ஸ் கணக்கு வைத்துக்கொண்டது. அதனால் ஒருவர் எழுதுவது பக்கத்துத் திரையில் போய் விழாது. இம்முறையில் 20 இருக்கைகளுக்கு 5 பெட்டிகள் போதும்.

இதையே இன்னும் நீட்டலாம். மாணவர்களின் வேலை முழுவதையும் ஓர் அறையிலுள்ள பெரிய சேவையகக் கணிப்பொறி செய்யும். மேசைமேல் உள்ள சிறு பெட்டி, விசைத் தட்டல்களை அங்கே அனுப்பி, படத்தை வாங்கித் திரையில் காட்டும், அவ்வளவுதான். 'மெய்நிகர் மேசைத்தளம்' என்பது இதுவே. கழித்துப்போட்ட பழைய கணிப்பொறிகூட இதற்குப் போதும். இதன் உண்மையான லாபம் இங்கேதான் என்பேன். புதிய மென்பொருளையும் ஒரே இடத்தில் ஏற்றினால் போதும்.

ஆனால் 20 பேரும் ஒரே சமயத்தில் வீடியோ பார்த்தால், பங்கிடச் சும்மா இருக்கும் நேரமே மிஞ்சாது, படம் திக்கும். சேவையகம் நின்றால் வகுப்பு முழுவதும் நின்றுவிடும். சேவையகத்துக்கும் கம்பி இணைப்புக்கும் செலவு உண்டாகையால், நாலைந்து இருக்கைகள் மட்டுமே உள்ள பள்ளிக்குப் பரானாவின் நான்கு திரைப் பெட்டியே மேல்.