வலி போயிடுச்சு... ஆனா முட்டி ஜவ்வு சரியாயிடுச்சா? - ‘9 மாதக் கணக்கு’ ஏன் முக்கியம்?

அறுவடை முடிந்துவிட்டால் காரைக்கால் மாவட்டம் விழிதியூர் மாதிரியான டெல்டா கிராமங்களில் வயல்தான் மைதானம். ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட்டை ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால், களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பந்தைத் துரத்தி ஓடும்போது ஒரு வெடிப்பில் பாதம் மாட்டிக்கொள்கிறது. உடம்பு மட்டும் திரும்புகிறது. முட்டிக்குள் ‘பட்’ என்று ஒரு சத்தம். யாரும் மோதவில்லை, தள்ளிவிடவும் இல்லை. ஆனாலும் ஆள் கீழே.

விளையாட்டில் முட்டி ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். சில வாரங்களில் வீக்கம் வடியும், நடையும் திரும்பும். “சரியாயிடுச்சு” என்று மறுபடி பைக்கை எடுப்பார்கள், பேட்டைத் தூக்குவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முட்டியைப் பொறுத்தவரை வலி குறைவது வேறு, ஜவ்வு ஆறுவது வேறு.

முட்டிக்குள் என்ன இருக்கிறது?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் 4 முக்கியத் தசைநார்கள் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றைத்தான் பேச்சு வழக்கில் ‘ஜவ்வு’ என்கிறோம். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும் இரண்டு. அந்த இரண்டில் முன்னால் இருப்பதுதான் விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் தடுப்பது இதன் வேலை.

முன்னால் கையில் தட்டுப்படும் உருண்டை எலும்புதான் முட்டிச் சில்லு. இது கிணற்றில் இருக்கும் கப்பி மாதிரி. தொடைத் தசை இழுக்கும் விசையை வாங்கி, கால் நீள உதவுகிறது. மாடிப்படி இறங்கும்போதும், குந்தி உட்கார்ந்து எழும்போதும் உடல் எடையைவிடப் பல மடங்கு அழுத்தம் இதன் மேல் விழுகிறது.

சுளுக்கா, ஜவ்வா?

எல்லா அடியும் ஜவ்வுக் கிழிசல் இல்லை. ஆனால் இந்த அறிகுறிகள் இருந்தால் சும்மா விட்டுடக் கூடாது:

* அடிபட்டபோது ‘பட்’ என்ற சத்தம் அல்லது உணர்வு
* சில மணி நேரத்திலேயே முட்டி புசுபுசுவென வீங்குவது (உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம்)
* திரும்பும்போதோ படி இறங்கும்போதோ முட்டி ‘வாங்கிக்கொண்டு’ போவது
* சில்லு பக்கவாட்டில் விலகித் தெரிவது
* காலை நீட்டியபடி தூக்கவே முடியாமல் போவது (சில்லு உடைந்திருக்கலாம், அல்லது அதன் தசைநார் அறுந்திருக்கலாம்)

இந்த நேரத்தில் எண்ணெய் போட்டு நீவி விடுவதும், சுளுக்கு எடுப்பதும் காயத்தைப் பெரிதாக்கும். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி. எக்ஸ்-ரேயில் எலும்பு முறிவு தெரியும், ஜவ்வு தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும்.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையா?

இல்லை. ஸ்வீடனில் ஏ.சி.எல். கிழிந்த 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை சிகிச்சை. 2 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரின் முட்டி நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘முதலில் பயிற்சி’ பிரிவில் 5 ஆண்டுகள் முடிந்தபோதும் சுமார் பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

கால்பந்து, கபடி போலச் சட்டெனத் திரும்பும் விளையாட்டுகளை ஆடுபவர்களுக்கும், பயிற்சிக்குப் பிறகும் முட்டி வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் பொதுவாக அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. முட்டிச் சில்லு முதல் முறை விலகினால் பெரும்பாலும் பயிற்சியே போதும். திரும்பத் திரும்ப விலகினால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டிவரும்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் ட்விஸ்ட்

முழுசாகக் கிழிந்த ஏ.சி.எல்.-ஐப் பெரும்பாலும் தைத்து ஒட்ட முடியாது. நோயாளியின் தொடைப் பின்புறத்தில் இருந்தோ, சில்லுக்குக் கீழே இருந்தோ ஒரு துண்டுத் தசைநாரை எடுத்து, நுண்துளை மூலம் எலும்பில் வழி போட்டுப் பொருத்துகிறார்கள்.

அந்தத் துண்டு, பொருத்திய அன்றே ஜவ்வாகிவிடாது. அதற்குள் புது ரத்தக் குழாய்கள் வளர வேண்டும், அதன் அமைப்பே மாற வேண்டும். இந்த மாற்றம் நடக்கும் முதல் சில மாதங்களில் அது பொருத்திய நாளைவிடப் பலவீனமாகிறது. அதே சமயத்தில்தான் வலி குறைந்து, “நல்லாத்தானே இருக்கு” என்று தோன்றும்.

9 மாதங்கள் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு சுமார் பாதியாகக் குறைகிறது என்று நார்வே - அமெரிக்க ஆய்வு ஒன்று 2016-ல் சொன்னது. ‘9 மாதக் கணக்கு’ என்பது இதுதான்.

அவசரப்பட்டால்?

பிரேசிலின் ரொனால்டோ 1999 நவம்பரில் முட்டிச் சில்லுத் தசைநாரில் அடிபட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2000 ஏப்ரலில், சுமார் 5 மாதத்தில், களமிறங்கினார். சில நிமிடங்களில் அதே தசைநார் முழுசாக அறுந்தது. அதன் பிறகு நீண்ட காலம் காத்திருந்து திரும்பியவர், 2002 உலகக் கோப்பையில் 8 கோல் அடித்தார்.

2022 டிசம்பர் 30 கார் விபத்தில் முழங்கால் தசைநார் கிழிந்த ரிஷப் பந்த், 2023 ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2024 மார்ச்சில்தான் ஐ.பி.எல். ஆடினார். எல்லா வசதியும் இருந்தும் 14 மாதங்களுக்கு மேல்!

ஆபீஸ், பைக், சம்மணம்... எப்போது?

ஆளுக்கு ஆள் மாறும். சிக்கல் இல்லாத ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொதுவான கணக்கு இது:

* உட்கார்ந்து பார்க்கும் வேலை: சுமார் 2 வாரங்கள்
* காலை முழுசாக நீட்டப் பழகுவது: முதல் நாளில் இருந்தே
* மெதுவான ஓட்டம்: 3-4 மாதங்கள்
* விளையாட்டு: குறைந்தது 9 மாதங்கள்

பைக் ஓட்டுவது, சம்மணம் போடுவது, குந்தி உட்காருவது, வரப்பில் நடப்பது எல்லாமே மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொன்ன பிறகுதான். ஒரு சிட்டிங்குக்கு டவுன் வரை போகணுமே என்று பிசியோதெரபியைப் பாதியில் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. அறுவை சிகிச்சைக்குப் பின் தொடைத் தசை வேகமாக மெலியும். அதைப் பயிற்சியால் மட்டுமே மீட்க முடியும்.

கட்டு போட்ட பிறகு கவனம்

2022 நவம்பரில் சென்னையில் ஜவ்வு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயது கால்பந்து வீராங்கனை உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிகிச்சைக்குப் பின் போட்ட கட்டு இறுக்கமாக இருந்ததால் ரத்த ஓட்டம் தடைபட்டது விசாரணையில் தெரியவந்தது. காலை அகற்றியும் காப்பாற்ற முடியவில்லை. 2 மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இப்படி நடப்பது அரிது. ஆனாலும் மருந்துக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, கால் விரல்கள் மரத்துப்போவது, வெளுப்பது, சில்லிடுவது, விரலை அசைக்க முடியாமல் போவது - இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே சொல்லி, கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல் இருந்தாலும் அவசரம்தான்.

மறுபடி எப்போது ஆடலாம்?

காலண்டர் மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை பலமும், ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் நல்ல காலில் குறைந்தது 90% இருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் சோதிப்பார். அந்த டெஸ்ட்டில் பாஸ் ஆகும் வரை வயல் கிரிக்கெட்டில் அம்பயராக நிற்கலாம். பந்தைத் துரத்த வேண்டாம்.