காத்திருத்தலும் பூஜையே

விடியற்காலை ஐந்தரை மணி. பக்கத்துக் கோயிலிலிருந்து திருப்பள்ளியெழுச்சி மெல்லக் கேட்கிறது. வாசலில் நீர் தெளித்துவிட்டுப் பாட்டி கோலப்புள்ளி வைக்கிறார். அருகில் குத்துக்காலிட்டு அமர்ந்திருக்கும் எட்டு வயதுப் பேரன் வரிசை வரிசையாக எண்ணுகிறான்.

"ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, அஞ்சு, மூணு, ஒண்ணு."

"எல்லாம் சேர்ந்தா எத்தனைடா கண்ணா?"

பேரன் விரலை மடக்கவில்லை. சற்று நேரம் புள்ளிகளையே பார்க்கிறான். "இருபத்தஞ்சு பாட்டி!"

பாட்டியின் முகம் மலர்கிறது. மறுகணமே வாடியும் விடுகிறது. இத்தனை விரைவாகக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு, அரிச்சுவடியில் இரண்டு சொற்களைச் சேர்த்து வாசிக்க இன்னும் வரவில்லை. நேற்றுப் படித்த எழுத்து இன்று அவனுக்குப் புதிய எழுத்து.

இன்ன ஊர், இன்ன தெரு என்று சுட்ட வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய இல்லம்தான் இது. உடன் படித்த குழந்தைகள் கதைப் புத்தகம் வாசிக்கத் தொடங்கியபோது, இந்தப் பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தான். பள்ளி வாசலைக் கண்டாலே அழுதான். பெற்றோர் பல நாள் கலந்து பேசி, சில ஆண்டுகள் வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தார்கள். அன்று முதல் அந்த வீட்டின் கூடமே பள்ளிக்கூடம்; அம்மாவே ஆசிரியை.

பாடம் கடினமாக இருப்பதை அந்தக் குடும்பம் எப்படியோ தாங்கிக்கொண்டது. தாங்க முடியாததாக இருந்தது மாலை வேளை. கோயிலில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் முதல் கேள்வி, "எந்த ஸ்கூல்? எத்தனாவது படிக்கிறே?" பிள்ளை பாட்டியின் புடவைத் தலைப்பில் முகம் புதைத்துக்கொள்வான். பாட்டி ஏதோ சொல்லிச் சமாளிப்பார். சில மாதங்களில் அவர் பேரனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகவே கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அன்பினால்தான் அப்படிச் செய்தார். ஆனால் குழந்தையின் மனத்தில் அது எப்படிப் பதிந்திருக்கும்?

கவிராயர் வீட்டுப் பிள்ளை

இதே துயரைப் பதினேழாம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையில் ஒரு தம்பதியர் அனுபவித்தனர். ஸ்ரீவைகுண்டத்தில் வாழ்ந்த சண்முகசிகாமணிக் கவிராயர், சிவகாமசுந்தரி அம்மையார் ஆகியோரின் திருமகன் ஐந்து வயது வரை பேசவில்லை. தந்தையோ கவி பாடுபவர். சொல்லையே செல்வமாகக் கொண்டவர். அவர் வீட்டுக் குழந்தையின் வாயிலிருந்து ஒரு சொல்லும் பிறக்கவில்லை என்றால், ஊரார் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அந்தப் பெற்றோர் குழந்தையை மறைத்து வைக்கவில்லை. திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றார்கள். அடியார் கூட்டம் அலைமோதும் செந்திலாண்டவன் சந்நிதியில், எல்லோரும் காணக் குழந்தையைக் கிடத்தி, விரதமிருந்து வேண்டினார்கள். முருகன் திருவருளால் அக்குழந்தை வாய் திறந்து 'கந்தர் கலிவெண்பா' பாடியது என்பது சைவ உலகம் போற்றும் வரலாறு. அவரே குமரகுருபர சுவாமிகள். பிற்காலத்தில் மதுரை மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடியவர். தருமபுரம் ஆதீனத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாக ஏற்றவர். காசிக்குச் சென்று அங்கே மடம் நிறுவியவர்.

காசியில் அவருக்கு மீண்டும் மொழி ஒரு தடையாக நின்றது. அங்கு ஆட்சி செய்தவர்களிடம் பேச அவர்களுடைய மொழி தெரிய வேண்டியிருந்தது. கலைமகளை வேண்டி அவர் அப்போது பாடியதே 'சகலகலாவல்லி மாலை'. நவராத்திரி நாட்களில் கொலுவின் முன் அந்த மாலையைப் பாடும் பாட்டிமார்கள், அதைப் பாடியவர் ஒரு காலத்தில் பேச்சே வராதிருந்த குழந்தை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இந்த வரலாற்றைக் கேட்டதும் ஏக்கம் எழுவது இயல்பு. "அந்தக் குழந்தைக்கு அருள் செய்த முருகன் எங்கள் குழந்தைக்கு ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று கேட்கத் தோன்றும். அருள் எப்போது, எவ்வடிவில் வரும் என்பது மனிதர் கையில் இல்லை. சந்நிதிக்குக் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது மனிதர் கையில் இருக்கிறது. அந்தப் பெற்றோர் அதைச் செய்தார்கள்.

அரிசியில் எழுதிய விரல்

இன்னொரு வீடு காஞ்சிபுரத்தில் இருந்தது. 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். இரண்டு வயதில் பெரியம்மை கண்டு குழந்தை பிழைத்தது. மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை. தாயார் கோமளத்தம்மாள் ஊமையோ என்று அஞ்சினார். காஞ்சியில் இருந்தபோது பாட்டனார் பேரனை அருகில் அமர்த்தி, அவன் விரலைப் பிடித்து, பரப்பிய அரிசியில் எழுத்துகளை எழுத வைத்தார். ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வைத்தார். மெல்ல மெல்லப் பேச்சும் வந்தது, எழுத்தும் வந்தது. 1892-ஆம் ஆண்டு விஜயதசமியன்று குழந்தை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது.

அக்குழந்தைதான் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். பள்ளியில் சேர்ந்த பின்னரும் அவருடைய பாதை நேராக அமைந்துவிடவில்லை. காஞ்சி, கும்பகோணம், சென்னை என்று பள்ளிகள் மாறின. சென்னையில் பள்ளிக்குப் போக மறுத்து அடம்பிடித்ததுண்டு. கணிதத்தில் ஈடு இணையற்றவராக இருந்தும், பிற பாடங்களில் தேறாமல் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அந்தக் குடும்பம் கொண்டிருந்த பக்தி உலகறிந்தது. தமக்குக் கணித உண்மைகளை உணர்த்துபவள் அந்தத் தாயாரே என்று ராமானுஜனும் நம்பினார்.

தாமதமாக மலரும் குழந்தைகள் எல்லோரும் குமரகுருபரராகவோ ராமானுஜனாகவோ ஆகிவிட மாட்டார்கள். அப்படி எதிர்பார்ப்பதும் குழந்தையின் தோளில் ஏற்றும் சுமையே. அவன் தானாக மலர்ந்தால் போதும். ஆனால் அந்தப் பாட்டனார் செய்ததை எந்தப் பாட்டனாரும் செய்யலாம். அதற்கு வேண்டியவை ஒரு தட்டு அரிசி, ஒரு விரல், நிறையப் பொறுமை.

கூடமே பள்ளி

முதலில் கண்ட இல்லத்துக்கே திரும்புவோம். அங்கே குளித்துத் திருநீறு இட்டு, விளக்கின் முன் இரண்டு பாடல்கள் சொன்ன பிறகே பாடம் தொடங்குகிறது. எழுத்துப் பாடம் இருபது நிமிடங்களுக்கு மேல் நீள்வதில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி ஒரே ஓர் எழுத்து. வாய் சொல்லும்போதே கையும் எழுதுகிறது. மறந்துவிட்டால் கோபமில்லை, மறுநாளும் அதே எழுத்து.

கணக்கு சமையலறையில் நடக்கிறது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதைப் பாட்டி அளந்து காட்டுகிறார். உழக்கு என்பது படியில் கால் பங்கு, உரி என்பது அரைப் பங்கு என்று பேரனே கண்டுபிடிக்கிறான். பின்னப் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பஞ்சாங்கத்தைப் பிரித்துத் தாத்தா திதியையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். இருபத்தேழு நட்சத்திரங்களையும் பாட்டாகச் சொல்லும் பேரன், அச்சில் "ரோகிணி" என்ற சொல்லைக் கண்டதும் தானாகவே விரல் வைத்து நிறுத்துகிறான். அது அவனுடைய நட்சத்திரம். அவன் தானாக அடையாளம் கண்ட முதல் சொல்லும் அதுவே.

எல்லா நாட்களும் இப்படி அமைவதில்லை. ஒன்றுமே மனத்தில் ஏறாத நாட்கள் உண்டு. பிள்ளை தாம்பாளத்தைத் தள்ளிவிட, அரிசி கூடமெங்கும் சிதறிய நாளும் உண்டு. மாலையில் வீடு திரும்பும் தந்தை, "இன்னிக்கு என்ன படிச்சான்?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் அடுப்பங்கரைக்குள் போய்விடும் அம்மாவும் அந்த வீட்டில் உண்டு. வீட்டிலேயே கற்பிக்கும் தாய்க்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இல்லை. அவள் ஒரு மணி நேரம் கண்ணயர, பாட்டியோ தாத்தாவோ குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டால், அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

வேண்டுதலும் வைத்தியமும்

வேண்டுதல் இருக்கிறதே என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடலாகாது. பேச்சு தாமதப்பட்டால் முதலில் செவிப்புலனைச் சோதிக்க வேண்டும். காது கேளாமையால் பேச்சு வராதிருக்கும் குழந்தைகள் உண்டு. பேச்சுப் பயிற்சி எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நன்மை. நன்றாகப் பேசும் குழந்தைக்கு வாசிப்பு மட்டும் வரவில்லையெனில், அது சோம்பலாக இருக்க வேண்டியதில்லை; வளர்ப்பின் குறையும் அன்று. கற்றல் குறைபாடு என்பதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருத்துவரிடம் காட்டுவது இறைவன்மீது நம்பிக்கைக் குறைவு ஆகாது. அந்த மருத்துவரின் கையிலும் அவனருள்தான் இருக்கிறது.

"பள்ளிக்குப் போகாவிட்டால் பரீட்சை எப்படி எழுதுவான்?" என்பது மூத்தோர் மனத்தில் எழும் அடுத்த கவலை. மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இதற்கு வழி செய்திருக்கிறது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளும் அங்கே உண்டு. பத்தாம் வகுப்புப் பாடங்களை ஒரே மூச்சில் எழுதி முடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். சில ஆண்டுகள் வீட்டில் கற்றுத் தேறிய பின் மீண்டும் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும் உண்டு. பள்ளிக்கூடம் பகையன்று, காலம்தான் குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது.

கேட்கும் கேள்வி

கோயிலில் ஒரு குழந்தையைக் கண்டதும் அன்போடு பேச நினைப்பது பெரியோர் இயல்பு. "எத்தனாவது படிக்கிறே?" என்ற கேள்வியிலும் தீய எண்ணம் எதுவுமில்லை. ஆயினும் அந்த ஒரு கேள்வியால் கோயிலுக்கே வர அஞ்சும் குழந்தைகள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, "இன்னிக்கு சுவாமிக்கு என்ன அலங்காரம், பார்த்தியா?" என்று கேட்கலாம். எந்தக் குழந்தையும் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. வீட்டிலும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் அத்தை மகனோடும் ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டால், பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஒரு பிரதோஷ நாள். குமரகுருபரர் வரலாற்றை உபன்யாசத்தில் கேட்டுவிட்டு வந்த பாட்டி, பூக்கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். வழக்கம்போல் உள்ளே ஒதுங்கிக்கொண்ட பேரனைக் கூப்பிட்டார். "வாடா கண்ணா, போகலாம்."

"நானுமா பாட்டி?"

அந்த ஒரு சொல் பாட்டியின் நெஞ்சைச் சுட்டது. பதில் சொல்லாமல் அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் முடிந்தது. கூட்டத்தில் வழக்கமாகக் காணும் அம்மையார் ஒருவர் குனிந்து கேட்டார்: "எத்தனாவது படிக்கிறே ராஜா?"

பாட்டி இம்முறை முந்திக்கொண்டார். "வீட்டிலேதான் படிக்கிறான் மாமி. எழுத்து இப்பத்தான் வருது. கணக்குல கெட்டிக்காரன்." குரலில் தயக்கமில்லை.

புடவைத் தலைப்பைத் தேடிய கை பாதியில் நின்றது. பேரன் நிமிர்ந்து பார்த்தான். பிராகாரத்தில் உபயதாரர் பெயர்கள் எழுதிய பலகை ஒன்று சுவரில் இருந்தது. அதன் அருகே சென்று, ஓர் எழுத்தின்மேல் விரல் வைத்தான்.

"பாட்டி... இது 'ரோ'."

பெயரில் மீதியிருந்த எழுத்துகள் அவனுக்கு இன்னும் தெரியாது. பாட்டி அவசரப்படுத்தவில்லை. பூக்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அவன் அடுத்த எழுத்துக்கு வரும்வரை அங்கேயே நின்றார்.