வெளியேற்று வளைகுழாய் (கடற்பொறி)

வெளியேற்று வளைகுழாய் என்பது படகுகளில் பொருத்தப்படும் டீசல் பொறியின் புகை வெளியேறும் வழியில், பொறியை அடுத்து அமைந்துள்ள வளைந்த உலோகக் குழாய் ஆகும். பொறியிலிருந்து வரும் சூடான புகையும், பொறியைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீரும் இக்குழாயில்தான் ஒன்று கலக்கின்றன. பட்டறைகளில் இது எக்சாஸ்ட் எல்போ என்றும், பெண்டு என்றும் அழைக்கப்படுகின்றது. வெப்பம், உப்பு, அமிலம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் தாக்குவதால், பொறியின் பிற பாகங்களை விட இது விரைவாக அரிக்கப்படுகின்றது. பழைய பொறிகளில் இது கசியத் தொடங்கினால் பழுது பார்ப்பதை விட மாற்றுவதே வழக்கம். நிலத்தில் இயங்கும் டீசல் பொறிகளிலும் இதையொத்த வளைகுழாய் உண்டு. எனினும் அதனுள் நீர் செலுத்தப்படுவதில்லை.

அமைப்பும் செயற்பாடும்

முழுச் சுமையில் இயங்கும் டீசல் பொறியின் புகை ஏறத்தாழ 400 முதல் 500 பாகை செல்சியசு வெப்பநிலையில் வெளிவருகின்றது. மரத்தாலோ கண்ணாடியிழையாலோ செய்த படகின் உள்ளே இவ்வளவு சூடான குழாயை நெடுந்தூரம் கொண்டுசெல்வது தீ விபத்துக்கு வழிவகுக்கும். இதனைத் தவிர்க்க இரண்டு முறைகள் கையாளப்படுகின்றன.

முதலாவது உலர் முறை. இதில் வெப்பக் காப்பு சுற்றப்பட்ட இரும்புக் குழாய் வழியாகப் புகை மேல்நோக்கி வெளியேற்றப்படும். இரண்டாவது ஈர முறை. இதில் வெப்பப் பரிமாற்றியைக் கடந்து வரும் கடல்நீர் வளைகுழாயினுள் பீய்ச்சப்படும். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,257 கிலோயூல் வெப்பம் தேவைப்படுவதால், சிறிதளவு நீர் ஆவியானாலே புகையின் வெப்பநிலை பெருமளவு குறைந்துவிடும். எஞ்சிய நீர் புகையுடன் சேர்ந்து ஓடும். இவ்வாறு குளிர்ந்த புகையை ரப்பர்க் குழாய் மூலம் படகின் பின்புறம் வரை கொண்டுசெல்ல இயலும். இரைச்சலும் குறையும்.

பொதுவாக இவ்வளைகுழாய் இரட்டைச் சுவர் கொண்டது. உட்குழாயில் புகையும், இரு சுவர்களுக்கும் இடையே நீரும் செல்லும். குழாய் முதலில் மேலே ஏறி, பின்னர் கீழே வளையும். நீர் புகையுடன் கலக்கும் துளை, இறங்கும் பகுதியிலேயே இருத்தல் வேண்டும். அப்போதுதான் நீர் புவியீர்ப்பால் கீழ்நோக்கி ஓடுமேயன்றிப் பொறிக்குத் திரும்பாது. இத்துளை படகின் வெளியேயுள்ள நீர்மட்டத்துக்குப் போதிய உயரத்தில் இல்லாவிட்டால், பொறி நின்ற பின்னரும் கடல்நீர் தானாக உள்ளே இழுக்கப்படக்கூடும். இதனைத் தடுக்க நீர்க்குழாயின் உயரமான இடத்தில் காற்று புகும் வால்வு ஒன்று பொருத்தப்படுகின்றது.

கசிவுக்கான காரணங்கள்

உப்பு: ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உள்ளது. சூடான உலோகத்தின் மீது நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்குகின்றது. இதனால் அவ்விடத்தில் குளோரைடின் செறிவு கடல்நீரில் உள்ளதை விடப் பல மடங்கு உயர்கின்றது. வார்ப்பிரும்பு துருப்பிடித்து உதிர்கின்றது. துருப்பிடிக்கா எஃகில் ஊசிமுனை போன்ற குழிகள் தோன்றுகின்றன.

அமிலம்: டீசலில் உள்ள கந்தகம் எரியும்போது கந்தக ஆக்சைடுகள் உருவாகி, நீருடன் சேர்ந்து அமிலமாகின்றன. இந்தியாவில் பாரத் நிலை 3 டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு பத்து இலட்சத்துக்கு 350 பங்காகவும், நிலை 4 டீசலில் 50 பங்காகவும் இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த நிலை 6 டீசலில் இது 10 பங்காகும். எனவே அமிலத்தின் தாக்கம் முன்னரை விடக் குறைந்துள்ளது. உப்பின் தாக்கம் மாறவில்லை.

கரிப் படிவு: பொறியை நெடுநேரம் சுமையின்றி ஓடவிட்டால் எரிபொருள் முழுமையாக எரியாமல் கரி உண்டாகின்றது. அது நீர் கலக்கும் இடத்தில் ஈரமான உப்புடன் சேர்ந்து இறுகிப் புகைவழியைச் சுருக்கும். அடைப்பினால் பின்னழுத்தம் கூடி, பொறியின் ஆற்றல் குறைந்து, புகை கறுப்பாக வெளிவரும்.

இவற்றுடன் அதிர்வும் ஒரு காரணமாகும். கனமான புகைக்குழாயைத் தனியாகத் தாங்கி நிறுத்தாமல் வளைகுழாயின் மீதே தொங்கவிட்டால், இணைப்பு விளிம்பின் அருகில் வெடிப்பு உண்டாகும்.

கசிவின் வகைகளும் தீங்குகளும்

வளைகுழாயின் கசிவு இரு வகைப்படும். வெளிச்சுவர் ஓட்டையானால் நீர் சொட்டுதல், வெண்ணிற உப்புப் பூச்சு, துருக்கறை, கரிக்கோடு ஆகியவை வெளியே தெரியும். உட்சுவர் ஓட்டையானால் வெளியே எதுவும் தெரியாது. நீர் உட்குழாய் வழியே பொறியை நோக்கி இறங்கும். முதல் வகை அச்சமூட்டுவதாகத் தோன்றினாலும், பொறியை அழிப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையே. இதனாலேயே வெளிக்கசிவு ஏதுமில்லாத பழைய வளைகுழாயும் குறிப்பிட்ட கால இடைவெளியில் கழற்றிப் பார்க்கப்படுகின்றது.

வாயுக் கசிவு: வெளிச்சுவர் அல்லது இணைப்பு வழியாகப் புகை கசிந்தால், மூடிய பொறியறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். இதற்கு நிறமோ மணமோ இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனை விட 200 மடங்குக்கும் அதிகமான பிணைப்பாற்றலுடன் இது இணைகின்றது. டீசல் புகையில் இதன் அளவு பெட்ரோல் புகையில் உள்ளதை விடக் குறைவு. ஆயினும் பொறியறையை ஒட்டிய அறையில் உறங்குவோருக்கு இது உயிராபத்தை விளைவிக்கக் கூடியது.

நீர்க் கசிவு: வெளியே கசியும் நீர் படகின் அடிப்பகுதியில் தேங்குகின்றது. பொறி ஓடும்வரை நீர் இறைப்பி தொடர்ந்து கடல்நீரை உள்ளே இழுப்பதால், பெரிய ஓட்டை படகை மூழ்கடிக்கவும் கூடும்.

நீர்ப்பூட்டு: உட்கசிவினால் உருளைக்குள் நீர் புகுந்தால், உந்துதண்டு மேலேறும்போது அந்நீரை அமுக்க இயலாது. அந்நிலையில் பொறியை முடுக்கினால் இணைப்புத் தண்டு வளையும். நீர் சிறிதளவே புகுந்தாலும் வெளியேற்று வால்வுகளும் உருளைச் சுவரும் சில நாட்களில் துருப்பிடித்து இறுகிவிடும்.

மாற்றும் முறை

1. பொறி முற்றிலும் குளிர்ந்த பின்னர் மின்கல இணைப்பைக் கழற்றி, கடல்நீர் உள்வரும் வால்வை மூட வேண்டும்.

2. துருப்பிடித்த நட்டுகளின் மீது ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே இட்டு வைப்பது நல்லது. நட்டை முதலில் சிறிது இறுக்கி, பின்னர் தளர்த்தினால் துரு விடுபடும். விசையை ஒரேயடியாகச் செலுத்தினால் ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டை எடுப்பது வளைகுழாயை மாற்றுவதை விடக் கடினமான வேலை.

3. ரப்பர்க் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பக் கூடாது. அதனை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிய குழாய் இடுவதே பாதுகாப்பானது.

4. வளைகுழாயை எடுத்தவுடன், அது பொருந்தியிருந்த பல்கிளைக் குழாயின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். மேனிபோல்டு எனப்படும் இக்குழாயில் உலர்ந்த கரி மட்டும் இருந்தால் உட்கசிவு இல்லை எனக் கொள்ளலாம். செந்துரு, உப்பு, ஈரம் ஆகியவை காணப்பட்டால் நீர் பொறியை எட்டியுள்ளது. அவ்வாறெனில் வால்வுகளையும் உருளைகளையும் சோதிக்காமல் பொறியை முடுக்கக் கூடாது.

5. இணைப்பு முகத்திலுள்ள பழைய கேஸ்கட்டைச் சுரண்டி நீக்க வேண்டும். சுரண்டும்போது துகள்கள் உள்ளே விழாதிருக்கத் துணியால் அடைத்து, வேலை முடிந்ததும் அதனை மறவாமல் எடுத்துவிட வேண்டும். நேரான இரும்புச் சட்டத்தை முகத்தின் மீது வைத்து, அது சமமாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். கோணிய முகத்தின் மீது புதிய கேஸ்கட் நிலைக்காது.

6. புதிய கேஸ்கட் இட்டு, ஸ்டட்டுகளில் உயர் வெப்பம் தாங்கும் பசையைத் தடவி, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறுதி முறுக்குவிசை பொறியின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

7. ரப்பர்க் குழாயின் ஒவ்வொரு முனையிலும் துருப்பிடிக்கா எஃகாலான இரண்டு பிடிவளையங்கள் இடப்படும்.

8. வால்வைத் திறந்து பொறியை முடுக்கியதும், படகின் பின்புறத்தில் புகையுடன் நீர் வருகின்றதா என உடனே பார்க்க வேண்டும். பொறி உடனே இயங்காவிடில், கடல்நீர் வால்வைத் திறந்த நிலையில் மீண்டும் மீண்டும் முடுக்கக் கூடாது. புகையின் உந்துதல் இல்லாததால் இறைத்த நீர் வெளியேறாமல் தேங்கிப் பொறிக்குள் திரும்பும்.

மூலப்பொருள் தெரிவு

பழைய பொறிகளுக்கு மூலப் பாகம் கிடைக்காதபோது, பட்டறையில் எஃகுக் குழாயை வெட்டிப் பற்றவைத்து வளைகுழாய் செய்யப்படுகின்றது. இதில் எஃகின் வகை முக்கியமானது. 304 வகையில் மாலிப்டினம் சேர்க்கப்படுவதில்லை. 316 வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உள்ளதால் குளோரைடின் குழி அரிப்பை அது கூடுதலாகத் தாங்கும். பற்றவைக்கும் வெப்பத்தில் கரிமம் குரோமியத்துடன் சேர்ந்துவிட்டால் அவ்விடம் அரிப்புக்கு உள்ளாகும். எனவே கரிமம் 0.03 விழுக்காட்டுக்கு மேற்படாத 316எல் வகையே பற்றவைப்புக்கு ஏற்றது. பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துவிடுவதால் அது தவிர்க்கப்படுகின்றது. உட்புற அளவும், நீர் கலக்கும் இடத்தின் உயரமும் சாய்வும் பழைய பாகத்தில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். பழைய பாகத்தை அளவெடுத்து முடியும்வரை எறிந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில்

இந்திய மீன்பிடிப் படகுகள் விசைப்படகுகளாக மாறியதில் 1952-இல் இந்தியா, நோர்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. படகுப் பொறி இயக்குநர்களுக்குப் பயிற்சி அளிக்கும் மத்திய நிறுவனம் 1963-இல் கொச்சியில் தொடங்கப்பட்டது. அதற்குச் சென்னையிலும் பிரிவு உண்டு.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை நடைமுறையில் உள்ளது. சென்னைக் காசிமேடு, நாகப்பட்டினம், இராமேசுவரம் முதலிய இடங்களில் படகுகளும் பொறிகளும் பழுது பார்க்கப்படும் காலம் இதுவாகும். வளைகுழாயைக் கழற்றிப் பார்க்கவும் இதுவே ஏற்ற தருணம். தடைக்காலம் முழுவதும் உப்புநீருடன் நிற்கும் வளைகுழாய், ஓடும் காலத்தைப் போலவே அரிக்கப்படுகின்றது.

நிலத்துப் பொறிகளுடன் ஒப்பீடு

கடலிலிருந்து தொலைவிலுள்ள வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் டீசல் பொறிகள் உள்ளன. மின்தடையின்போது மின்னாக்கியை இயக்க இவை பயன்படுகின்றன. இவற்றின் வளைகுழாய் உலர் வகையைச் சார்ந்தது. இதனுள் நீர் இல்லாததால் உப்பு அரிப்போ நீர்ப்பூட்டோ பொதுவாக ஏற்படுவதில்லை. வெப்ப விரிவினால் ஏற்படும் வெடிப்பும், கேஸ்கட் எரிதலுமே இங்குக் கசிவுக்குக் காரணங்கள். விரிவை ஏற்பதற்காக நெளிவுக் குழாய் ஒன்று இடையில் இணைக்கப்படுகின்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிப்படி, புகைக்குழாய் கட்டடத்தின் உயரத்தை விட, மின்னாக்கியின் கேவிஏ அளவின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி வரும் மீட்டர் அளவுக்கு உயர்ந்திருத்தல் வேண்டும். 100 கேவிஏ மின்னாக்கிக்கு இது 2 மீட்டர் ஆகும்.

எனினும் குளோரைடு அரிப்பு இப்பகுதிக்குப் புதியதன்று. பச்சைத் தோல்கள் உப்பிட்டுப் பாதுகாக்கப்படுவதால், அவற்றை ஊறவைத்த நீரில் உப்பு மிகுந்துள்ளது. அந்நீரைக் கையாளும் இறைப்பிகளுக்கும் ஆவியாக்கிகளுக்கும் எஃகைத் தெரிவு செய்யும்போது, கடற்பொறியின் வளைகுழாய்க்குப் பொருந்தும் அதே கணக்கே பார்க்கப்படுகின்றது. இரண்டிடத்திலும் வெப்பமும் குளோரைடும் சேரும் இடமே முதலில் ஓட்டையாகின்றது.