நார்க்கட்டி அறுவைக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்

கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண், தையல் பிரித்ததும் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பல வீடுகளில் யாரும் கேட்டு வாங்குவதில்லை. பெரும்பாலும் அதில் பயப்பட ஒன்றும் இருக்காது. மிகச் சிலருக்கு மட்டும் அது லியோமயோசார்கோமா. கர்ப்பப்பைத் தசையில் உருவாகும் அரிய புற்றுநோய். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்ந்தாலோ, உதிரம் பட்டாலோ கூடுதல் கவனம் வேண்டும்.

லேப்ராஸ்கோப்பியில் பெரிய கட்டியைச் சிறு துளை வழியே எடுக்க, மார்செலேட்டர் கருவியால் உள்ளேயே துண்டாக்குவது உண்டு. புற்றுநோய் ஒளிந்திருந்தால் அதன் துகள்கள் வயிறு முழுக்கச் சிதறிவிடக்கூடும். நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு இப்படிச் சார்கோமா வகைப் புற்றுநோய் இருக்கலாம் என்று 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்: “டாக்டர், கட்டியை முழுசா எடுப்பீங்களா, உள்ளேயே வெட்டுவீங்களா? வெட்டினா துகள் சிதறாம ஒரு பைக்குள்ள வச்சு வெட்டுவீங்களா?” இது உங்கள் உரிமை.

புற்றுநோய் என்று வந்துவிட்டால், அடுத்த கேள்வி ‘எந்த வகை?’ என்பதுதான். லியோமயோசார்கோமா கர்ப்பப்பையைத் தாண்டாத நிலையிலும் திரும்ப வரக்கூடியது. ஆனாலும் அந்த நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேராவது ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். அறுவைதான் முதன்மைச் சிகிச்சை. ஆரம்பக் கட்டத்தில் முழுமையாக எடுத்துவிட்ட பிறகு கீமோ தருவது ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணமாகவில்லை. கீமோ வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். பரவியிருந்தால் டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் உண்டு. வீரியம் குறைந்த ஸ்ட்ரோமல் சார்கோமா என்ற இன்னொரு வகையின் போக்கே வேறு. ஆரம்பத்தில் கண்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள், ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைக்கும் அது அடங்கும். ஆனால் பத்து, இருபது ஆண்டு கழித்தும் தலைதூக்கலாம். செக்கப்பை விட்டுவிடக் கூடாது. கார்சினோசார்கோமா என்ற மற்றொரு வகைக்கு கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் கீமோ பயன்படுகிறது.

அரிய நோய் என்பதால், இதை அடிக்கடி பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் ஒருவரின் இரண்டாவது கருத்து அவசியம். எடுத்த திசுவை விரல் நுனி அளவு மெழுகுக் கட்டிகளில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். அந்த பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டலாம். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் எழுதிக் கொடுங்கள். செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரியுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நார்க்கட்டி எடுத்திருந்தால், அந்த ரிப்போர்ட்டை இந்த வாரமே வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.