பங்கும் பங்க்கும்

பெட்ரோல் விற்கும் இடத்தை நம் ஊரார் ‘பங்க்’ என்றே வழங்குகின்றனர். பங்குச் சாமியார் பங்க்கைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டாரே என்று வாசகர்கள் நகைத்தால் நாம் வருந்தமாட்டோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்ப்போர்க்கு இக்கட்டுரையின் தேவை விளங்கிவிடும். நாம் குருப்பட்டம் பெற்ற காலத்தில் மிதிவண்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்த மதிலோரத்தில் இன்று மோட்டார் சைக்கிள்களும் கார்களும் இடமின்றி நெருங்கி நிற்கின்றன. புதிதாக வண்டி வாங்குவோர் அதனை மந்திரித்துத் தரும்படி கேட்கின்றனர். நாமும் தீர்த்தம் தெளித்து, புனித கிறிஸ்தோபரின் மன்றாட்டை வேண்டி, ஆசீர்வதித்து அனுப்புகிறோம். அனுப்பும்போது வேகத்தைப் பற்றியும் குடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம். பெட்ரோலைப் பற்றி ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லியிருக்கவேண்டும் என்பதை நமக்கு உணர்த்தியது ஒரு முதல் வெள்ளிக்கிழமை.

சில ஆண்டுகளுக்கு முன், காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவொன்றிலிருந்த ஒரு வீட்டிற்கு, படுக்கையிலிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தோம். காஞ்சி நெசவாளர் வீட்டின் அமைப்பை அறியாதார்க்கு ஒரு சொல்: தறியே வீட்டின் நடுநாயகம், மனிதர் அதைச் சுற்றி ஒதுங்கி வாழ்வர். தரையில் வெட்டிய குழியில் கால்களைத் தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மிதித்து நெய்வது குழித்தறி. அந்த வீட்டிலும் கூடத்தில் தறி, அதனையடுத்த சிறு அறையில் மூதாட்டியின் கட்டில். கட்டிலருகே வெள்ளைத் துணி விரித்த சிறு மேசை. அதன்மேல் பாடுபட்ட சுரூபம். இருபுறமும் எரியும் மெழுகுதிரிகள். எல்லாம் முறைப்படி ஆயத்தம் செய்திருந்தனர்.

செபம் நடந்துகொண்டிருக்கையில் கூடத்தில் ஏதோ உருண்டு விழுந்த ஓசை கேட்டது. வீட்டுச் சிறுவன் காலால் தட்டிவிட்டான். முந்திய நாள் அவன் தமையனின் வண்டி வழியில் நின்றுவிட, எங்கோ பெட்டிக்கடையில் தண்ணீர்ப் புட்டியில் வாங்கிவந்த பெட்ரோலின் மிச்சம் அது. மூடி சரியாகத் திருகப்படவில்லை. ஓடிய பெட்ரோல் தரையின் சரிவைப் பற்றிக்கொண்டு தறிக்குழியில் இறங்கிற்று. நெடி எழுந்ததும் மருமகள் மின்விசிறியைச் சுழலவிட எழுந்தார். அப்போது கட்டிலில் இருந்து மூதாட்டி, ‘‘அம்மாடி, சுவிட்சைத் தொடாதே! கேஸ் வாடை வந்தா தொடக்கூடாதுன்னு சொல்லுவாங்களே!’’ என்று கூவினார். நாம் மெழுகுதிரிகளை ஊதி அணைத்தோம். மூதாட்டியைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் வைத்தனர் மக்கள். கதவுகள் திறக்கப்பட்டன, குழியில் மணல் கொட்டப்பட்டது. நற்கருணையை அந்த அம்மாள் தெருத் திண்ணையருகே, அண்டை வீட்டார் முழந்தாளிட்டிருக்க, உட்கொண்டார்.

பிற்பகலில் நாம் மீண்டும் சென்று அந்தக் குழியருகே குனிந்தபோதும் நெடி தலையைச் சுழற்றியது. நின்றால் வாடை தெரியவில்லை, குனிந்தால் மூச்சடைக்கிறது. அதன் காரணம் எளிது. பெட்ரோலின் ஆவி காற்றைப் போல் மூன்று நான்கு மடங்கு கனமுடையது. அது மேலெழுந்து கலைந்து போவதில்லை. தண்ணீரைப் போலத் தாழ்வான இடம் தேடிச் சென்று தங்குகிறது. குழித்தறி அதற்கென்றே வெட்டிவைத்த பாத்திரம் போன்றது. மேலும், பெட்ரோல் எரிவதற்குச் சூடேறவேண்டும் என்பதில்லை. நீர் உறையும் நிலைக்கும் 40 டிகிரி கீழான குளிரிலேயே அது பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடுகிறது. நூறு பங்கு கலவையில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும். மெழுகுதிரிகள் தரையில் இராமல் மேசைமேல் இருந்தமையால் அன்று நாம் தப்பினோம். மெழுகுதிரியைத் தரையில் ஏற்றும் வீடுகளும் நம் பங்கில் உண்டு. தறியில் அப்போது ஏற்றியிருந்த பாவு ஒரு மணப்பெண்ணின் கூறைப்புடவைக்கானது. பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. உயிர் பிழைத்தாலும் கடன் பிழைக்கவிட்டிராது.

ஆவி பரவி நின்று பற்றுவது சிறு வீட்டில் மட்டும் நேரும் விபத்தன்று. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மாலை, செய்ப்பூரையடுத்த சீதாபுராவில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் கிடங்கில் பெட்ரோல் கசியத் தொடங்கி, ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஆவி மேகம்போல் தரையோடு தரையாய்ப் பரவியது. பின்னர் அது வெடித்தது. 11 பேருக்குக் குறையாமல் மாண்டனர். தீ பத்து நாட்களுக்கு மேல் எரிந்தது. நமது மாவட்டத்திலேயே, 2022 செப்டம்பரில், வாலாசாபாத்தையடுத்த தேவரியம்பாக்கத்தில் சமையல் எரிவாயு உருளைக் கிடங்கில் நேர்ந்த தீயை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வாயுவும் காற்றினும் கனமானதே.

இனி பெட்ரோல் நிலையத்திற்கு வருவோம். அங்கே எழுதி வைத்திருக்கும் விதிகளை நம்மில் பலர் படிப்பதில்லை. படித்தாலும் அவை பிறருக்கென்று எண்ணிக்கொள்கிறோம். வண்டியின் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். கார்க்காரர் சிலர், குளிரூட்டி நின்றுவிடும் என்று அஞ்சி, இயந்திரம் ஓடவே பெட்ரோல் போடச் சொல்கின்றனர். இரண்டு நிமிட வியர்வைக்கு அஞ்சுகிறவர் தம் பிள்ளைகளை எதன் அருகில் உட்காரவைத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கட்டும். இருசக்கர வண்டியில் வருவோர் அனைவரும் இறங்கி நிற்கவேண்டும். மோட்டார் சைக்கிளின் எண்ணெய்க்கலம் ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. வழிந்தால் சூடான இயந்திரத்தின் மீதும், புகைக்குழாயின் மீதும், அவருடைய உடையின் மீதும் வழியும். முன்னே ஒரு குழந்தையும் பின்னே மடியில் ஒரு குழந்தையுமாய் அமர்ந்தபடியே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் குடும்பங்களைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்தத் தறிக்குழி நினைவுக்கு வருகிறது.

புகைபிடித்தலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. செல்பேசியைப் பற்றிச் சொல்லவேண்டும். செல்பேசியின் அலையால் தீப்பற்றியது என்று உறுதியாய் மெய்ப்பிக்கப்பட்ட நிகழ்ச்சி எதனையும் நாம் அறியோம். ஆயினும் அதனைத் தவிர்க்கும்படி நிலையத்தார் விதித்திருப்பதில் நியாயம் உண்டு. பேசுகிறவர் வழிவதைக் கவனிப்பதில்லை; பின்னால் வரும் வண்டியையும் கவனிப்பதில்லை. இப்போது பணம் செலுத்துவதே செல்பேசி வழியாக ஆகிவிட்டமையால், எண்ணெய் போட்டு முடிந்து மூடியைத் திருகிய பின், குழாயைவிட்டு விலகிச் சென்று செலுத்துவது நன்று. பின்னால் காத்திருப்பவருக்கும் அது உதவி.

செல்பேசியினும் மெய்யான ஆபத்து ஒன்று உண்டு. அதனைப் பட்டுநகர் மக்களுக்கு விளக்குவது எளிது. கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கச் செய்யும் சோதனையைப் பள்ளியில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். உராய்வினால் பிறக்கும் அந்த நிலைமின்சாரமே காரின் இருக்கையில் நம் உடை உராயும்போதும் பிறக்கிறது. காற்று ஈரமாக இருக்கையில் அது தானே வடிந்துவிடும்; வறண்ட நாளிலும், குளிரூட்டிய காரினுள்ளும் உடலில் தங்கும். அமெரிக்காவில் வண்டிக்காரர் தாமே குழாயைப் பிடித்து நிரப்புகின்றனர். குழாயை மாட்டிவிட்டுக் காருக்குள் சென்று அமர்ந்து, மீண்டும் இறங்கிவந்து குழாயைத் தொட்டபோது பொறி பறந்து தீப்பற்றிய நிகழ்ச்சிகள் அங்கே பல பதிவாகியுள்ளன. நம் நாட்டில் பணியாளரே நிரப்புவதால் இவ்வபாயம் குறைவு. ஆயினும் நிரப்பும் நேரத்தில் ஏறி இறங்காதிருப்பதும், இறங்கியவர் கதவின் உலோகத்தைத் தொட்ட பின்னரே கலத்தின் மூடியருகே செல்வதும் நலம். தகுந்த கலத்தில் வாங்க நேர்ந்தால் அதனை வண்டிக்குள் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்தே நிரப்பவேண்டும் என்பதும் இதனாலேயே.

குழாய் தானாக நின்ற பின், ‘‘இன்னும் கொஞ்சம், ரவுண்டா போடுங்க’’ என்று கேட்பது நம்மவர் பழக்கம். வேண்டாம். கலத்தில் விட்டுவைத்த வெற்றிடம் ஆவிக்கென்று விடப்பட்டது. இதற்கு மாறாக, கோடைதோறும் செல்பேசிகளில் ஒரு செய்தி உலவுகிறது: வெயில் காலத்தில் கலத்தை முழுதும் நிரப்பினால் வண்டி வெடித்துவிடும், பாதியே நிரப்புங்கள் என்று. நம் பங்கின் அன்பியக் குழுவிலும் அது வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனமே அதனை மறுத்திருக்கிறது. வண்டி செய்தவர் குறித்துள்ள அளவுவரை எப்பருவத்திலும் நிரப்பலாம். நற்செய்தியைப் பரப்பச் சோம்புகிற நாம் வதந்தியைப் பரப்புவதில் காட்டும் சுறுசுறுப்பு வியப்புக்குரியது.

தீப்பற்றிவிட்டால்? குழாய் கலத்தில் இருக்கும் நிலையில் தீ எழுந்தால் அதனை வெளியே இழுக்கக்கூடாது. இழுத்தால் எரியும் பெட்ரோல் எங்கும் சிதறும். வண்டியில் இருப்போரை இறக்கி விலகவேண்டும். பணியாளர் பாய்ச்சலை நிறுத்துவார். மணல் வாளிகளும் தூள் பீச்சும் அணைப்பான்களும் அங்கே இருப்பது இதற்காகவே. தண்ணீர் ஊற்றலாகாது, பெட்ரோல் நீரின்மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவும். தீயணைப்புக்கு 101, மருத்துவ ஊர்திக்கு 108.

பெட்ரோல் நிலையத்தில் நம் ஒழுக்கத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். முகூர்த்த நாட்களில் புடவை வாங்க வரும் வெளியூர் வண்டிகளாலும், வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசித் திருவிழாவாலும் நம் ஊர்ச் சாலைகள் திணறுகின்றன. 2019இல் அத்திவரதர் 48 நாட்கள் காட்சிதந்தபோது ஊரே வண்டிகளால் நிறைந்ததைக் கண்டோம். அத்தகைய நாட்களில் வரிசையை மீறிக் குறுக்கே நுழைகிறவர் கோயிலுக்குச் செல்பவராய் இருந்தாலென்ன, வேளாங்கண்ணிக்குச் செல்பவராய் இருந்தாலென்ன? ஆகஸ்டு இறுதியில் நம் மக்கள் வேனில் புறப்பட்டுச் செல்கையில், நிலையத்தில் நின்றவுடன் இறங்கி அங்கேயே அடுப்பு மூட்டாத குறையாகப் பொட்டலங்களைப் பிரிப்பதையும், பிள்ளைகள் குழாய்களுக்கிடையே ஓடிப்பிடித்து விளையாடுவதையும் நாமே உடன்சென்று கண்டிருக்கிறோம். நாமும் அன்று வாளாவிருந்தோம். அது நம் குற்றம்.

வெயிலில் நாள் முழுதும் நெடியைச் சுவாசித்தபடி நிற்கும் பணியாளர்களில் பெண்களும் பலர். அவர்களை ‘‘ஏய்’’ என்று விளிப்பதும், பணத்தை வண்டிக்குள்ளிருந்தே வீசுவதும் ஞானஸ்நானம் பெற்றவர்க்கு அடாது. ‘‘ஜீரோ பாத்துக்கோங்க’’ என்று அவர் சொல்லும்போது பாருங்கள். அது அவர் கடமை, உங்கள் உரிமை. அளவில் ஐயம் உண்டாயின் சண்டை வேண்டாம். அரசு முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலம் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கவேண்டும். அதில் பிடித்துக் காட்டும்படி கேட்கலாம். 25 மில்லிலிட்டருக்கு மேல் குறைந்தால் முறையிடலாம். கலப்படம் என ஐயுற்றால் வடிதாளில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையின்றி ஆவியாகிவிடும். கள்ள அளவையை நீதிமொழி ஆகமமும் ஆமோசு இறைவாக்கினரும் கண்டித்திருப்பது நெல்லுக்கும் எண்ணெய்க்கும் ஒன்றே. நிலையம் நடத்தும் நம் பங்கு மக்களும் இதனைப் படிப்பார்கள் என நம்புகிறோம்.

மழைக்காலத்திற்கு ஒரு குறிப்பு: இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் கலந்துள்ளது. அது நீரை இழுக்கும் தன்மையுடையது. கலத்தின் மூடி இறுகாதிருந்தால், மழைநீர் புகுந்து எத்தனாலோடு அடியில் பிரிந்து நின்று வண்டியை முடக்கிவிடும்.

புட்டியில் பெட்ரோல் வாங்குவதைப் பற்றி இறுதியாகச் சொல்கிறோம். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் சொந்த உபயோகத்திற்கு 30 லிட்டர்வரை உரிமமின்றி வைத்திருக்க இடமளிப்பது மெய்தான். அதிலும் கண்ணாடி, மண் கலங்களாயின் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்று வரையறுத்துள்ளது. சட்டம் இடமளிப்பதெல்லாம் வீட்டிற்கு ஏற்றதாகிவிடாது. தண்ணீர்ப் புட்டியில் பெட்ரோல் வைத்தால், ஒருநாள் யாரேனும் அதனைத் தண்ணீரென்று குடிப்பர். குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள்; வெளியேறும்போது நுரையீரலுள் புகுந்து உயிரைப் பறிக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், புட்டியையும் உடன்கொண்டு. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி வண்டிக்கு வண்டி மாற்றுவதும் இதே காரணத்தால் தகாது. தீப்புண்ணுக்குப் பற்பசையோ மையோ பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டியபின் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அந்த மூதாட்டி அடுத்த ஆண்டு நல்ல மரணம் அடைந்தார். மூத்த மகனின் வண்டி இன்றும் அவ்வப்போது வழியில் நின்றுவிடுகிறது. சென்ற மாதம் நடுப்பகல் வெயிலில் அதனைத் தள்ளிக்கொண்டு பங்க்கை நோக்கிச் சென்றவரை நாம் வழியில் கண்டோம். ‘‘புட்டி எடுத்துட்டுப் போயிருந்தா சீக்கிரமா முடிஞ்சிருக்கும், சாமி, அம்மா திட்டுவாங்க’’ என்றார். அவர் தாயார் இறந்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. நாமும் இறங்கிச் சிறிது தொலைவு உடன் தள்ளினோம்.