முடக்குவாத நோயாளர்க்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஏன்?

முடக்குவாதத்திற்குச் சிகிச்சை பெறுவோரை டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொள்ளுமாறு நாங்கள் கூறும்போது, "வலி மூட்டில்தானே, எலும்பை எதற்காக அளக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மூட்டு வலிக்கும், வீங்கும், காலையில் விறைத்துக்கொள்ளும். எலும்பு தன் அடர்த்தியை இழக்கும்போதோ எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பிறகே பலருக்கு அது தெரியவருகிறது.

மூட்டுகளைத் தாக்கும் அழற்சியே எலும்பைக் கரைக்கும் செல்களையும் தூண்டிவிடுகிறது. வலியால் நடமாட்டம் குறைவதும் எலும்பை வலுவிழக்கச் செய்யும். இவற்றுடன் ஸ்டீராய்டு மாத்திரையும் சேரும்போது, அதனைத் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே இழப்பு விரைவாக நிகழ்கிறது. ஆகவே, பிரெட்னிசோலோன் போன்ற மருந்தை 3 மாதங்களோ அதற்கு மேலோ உட்கொள்ள வேண்டியவர்களுக்கு இம்மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. அச்சத்தால் ஸ்டீராய்டைத் தாமாகவே திடீரென நிறுத்திவிடுவது அதனினும் ஆபத்தானது.

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "எலும்புத் தேய்மானம்" என்றே சொல்லிவிடுகிறோம். மூட்டின் குருத்தெலும்பு தேய்வது வேறு. எலும்பு உள்ளே புரையோடி வலுவிழப்பது வேறு. டெக்ஸா அளப்பது பின்னதை.

பரிசோதனை எளியது. ஊசி கிடையாது, மேசைமீது சிறிது நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும். கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. முந்தைய 24 மணி நேரம் கால்சியம் மாத்திரையைத் தவிர்க்கவும். ஊக்கு, அரைஞாண், சரிகை வேலைப்பாடுள்ள ஆடை வேண்டாம். கருவுற்றிருந்தாலோ, இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்திருந்தாலோ முன்கூட்டியே தெரிவிக்கவும்.

அறிக்கையில் காணும் டி ஸ்கோர், ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண். -1 வரை இயல்பு, -2.5 அல்லது அதற்கும் கீழ் எனில் எலும்புப்புரை. இடைப்பட்டது அடர்த்திக் குறைவு. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் சம வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரையே பார்க்கிறோம்.

ஆனால் முடக்குவாதத்தில் இவ்வெண்ணை மட்டும் நம்பியிருத்தல் தகாது. ஒரே டி ஸ்கோர் உடைய இருவரில் ஸ்டீராய்டு உட்கொள்பவரின் எலும்பு எளிதில் முறியக்கூடும். எலும்பு முறிவு வாய்ப்பைக் கணக்கிடும் பிராக்ஸ் என்னும் முறையில் முடக்குவாதமும் ஸ்டீராய்டும் தனித்தனிக் காரணிகளாகவே சேர்க்கப்பட்டுள்ளன. எனவே -1.8 என்று வந்தவருக்கும் மருந்து தேவைப்படலாம். "எலும்புப்புரை இல்லையே" என்று அறிக்கையைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டாம். முதியோர்க்கு முதுகெலும்பில் வளரும் எலும்பு முட்களும் அளவை உயர்த்திக் காட்டக்கூடும். இடுப்பையும் சேர்த்து அளப்பது அதனால்தான்.

இலவச முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் கருவி டெக்ஸா அன்று. அம்முடிவைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்கவோ நிறுத்தவோ இயலாது.

மறுபரிசோதனை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகே தேவைப்படும். கருவிக்குக் கருவி அளவு சற்று மாறுபடும் என்பதால், இயன்றவரை அதே கருவியில் எடுத்துக்கொண்டு, பழைய அறிக்கையையும் உடன் கொண்டுவாருங்கள்.