ஆசிரியரின் போட்டோகொப்பிக்காக வாதாடிய சட்டத்தரணி

பாடத்துக்குத் தேவையான இரண்டு பக்கங்கள் ஒரு நூலில் இருக்கின்றன. அந்த நூல் மாணவர்களிடம் இல்லை. ஆசிரியர் அவற்றைப் போட்டோகொப்பி எடுத்து வகுப்பில் கொடுக்கிறார். இது நூலாசிரியரின் உரிமையைப் பறிப்பதாகுமா?

இந்தக் கேள்வி கனடாவில் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கு பாடசாலைகளின் சார்பில் தோன்றிய சட்டத்தரணிகளில் ஒருவர் வாண்டா நோயல். பதிப்புரிமைச் சட்டத்தில் தேர்ச்சி பெற்ற அவர், கனடாவின் கல்வித் துறைக்காக நீண்டகாலம் உழைத்தவர். ஆசிரியர் என்ற வகையில் அவருடைய பணி என் கவனத்தை ஈர்த்தது.

எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்குமாகக் கட்டணம் சேகரிக்கும் 'அக்சஸ் கொப்பிரைட்' என்ற அமைப்பு கனடாவில் உள்ளது. பாடசாலைகளில் எடுக்கப்படும் பிரதிகளுக்கு மாணவர் தொகையைக் கொண்டு கட்டணம் அறவிட வேண்டும் என்று அது கோரியது. 2009 இல் பதிப்புரிமைச் சபை அதற்கு இணங்கியது. ஆசிரியர் தாமாகவே பிரதி எடுத்து மாணவருக்குக் கொடுக்கும் சிறு பகுதிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. மாணவரே பிரதி எடுத்தால் அது சுயகற்றல், ஆசிரியர் எடுத்தால் அது கற்பித்தல், ஆகவே சலுகை கிடையாது என்பதே சபையின் தர்க்கம்.

கியூபெக் தவிர்ந்த மாகாணங்களின் கல்வி அமைச்சுகள் இதை எதிர்த்தன. 2012 ஜூலை 12 இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆசிரியருக்கு இதில் வேறு உள்நோக்கம் இல்லை, மாணவர் கற்கவே அவர் உதவுகிறார் என்றார் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ரொசலி அபெல்லா. சில பக்கங்களுக்காக ஒவ்வொரு மாணவருக்கும் முழு நூலை வாங்குவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டு, நியாயமான பயன்பாட்டுக்குரிய நோக்கங்களில் 'கல்வி' சேர்க்கப்பட்டது.

நோயலின் பணி நீதிமன்றத்தோடு முடியவில்லை. ஆசிரியர்களுக்காகக் கேள்வி பதில் வடிவில் அமைந்த 'கொப்பிரைட் மேட்டர்ஸ்' என்ற கையேட்டை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். நூலொன்றில் 10 சதவீதம் வரை அல்லது ஓர் அத்தியாயம், சஞ்சிகையில் ஒரு கட்டுரை என எல்லைகளை அது வகுத்தது. துண்டு துண்டாக எடுத்து முழு நூலையும் பிரதி செய்வது கூடாது என்றும் எச்சரித்தது. ஆசிரியர்களின் உரிமைக்காக வாதாடியவரே அதன் எல்லையையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆயினும் தமது வருமானம் குறைந்துவிட்டதாக அந்நாட்டு எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் முறையிடுகிறார்கள். அந்த வலியையும் நாம் ஒதுக்க முடியாது.

நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதை நியாயமான பயன்பாட்டுக்கு உதாரணமாகப் பிரிவு 11 இலேயே குறிப்பிடுகிறது. ஆனால் எடுக்கும் அளவும், நூலின் விற்பனைக்கு ஏற்படும் பாதிப்பும் அங்கேயும் கவனிக்கப்படும். இரண்டு பக்கம் வேறு, முழு வழிகாட்டி நூலையும் பிரதி செய்து விற்பது வேறு.

எழுத்துரிமை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் தீர்மானித்தது. தமிழில் கல்வி நூல் எழுதுவோர் நம்மிடையே குறைவு. மாணவருக்குத் தேவையான பக்கத்தைத் தயங்காமல் கொடுப்போம். எழுதியவரின் பெயரை அதில் குறிப்பிடுவோம். முழு நூலும் தேவையென்றால் வாங்குவோம். அது அவருடைய ஹக்.